சந்திரமதி நடந்த இரண்டு நடை

சுவிஸ் நாட்டின் லாங்கன்தாலில் சந்திரமதி நடக்கப் புறப்பட்டால், பெர்னுக்குப் போகிற ரயிலே நின்று வழிவிடும். சரி, ரயில் என்பது கொஞ்சம் கூடித்தான் போயிற்று. நகரப் பேருந்து என்று குறைத்துக்கொள்வோம். அந்தப் பேருந்தின் சாரதி அவளைக் கண்டால் கையைத் தூக்குவான் என்பது சத்தியம். வழிவிட்டானா, வணக்கம் சொன்னானா என்பதை அவனிடம்தான் கேட்க வேண்டும்.

பகலில் அவளுக்குப் பீங்கான் தொழிற்சாலையில் தட்டுகளை அடுக்கிப் பெட்டி கட்டும் வேலை. அதற்கு முன்னால், விடியும் நேரத்தில், வீடு வீடாகப் பத்திரிகை போடும் வேலை. ஒருகாலத்தில் ஆற்றுவெள்ளத்தைத் தெருவழியே ஓடவிட்ட ஊர் அது. அதனால் நடைபாதைகள் தெருவைவிட நன்றாக உயர்ந்திருக்கும். ஏறவும் இறங்கவும் கற்படிகள். பனி உறைந்த அந்தப் படிகளில் பத்திரிகைக் கட்டோடு அவள் போன வேகத்தைப் பார்த்து, துரத்தி வந்த நாய்கள் மனம் உடைந்து வீட்டுக்குத் திரும்பியிருக்கின்றன. கணவர் தம்பித்துரை இருந்த காலத்தில், "இவளோடை கோயிலுக்குப் போறதெண்டால் நான் முதல்நாளே வெளிக்கிட வேணும்" என்பார்.

எழுபதைத் தாண்டியபின் அந்த நடை தளர்ந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது; மாலையானால் கால் வீங்கியது. அதையெல்லாம் வயதின் தலையில் போட்டுவிட்டாள். ஆனால் பெர்ன் கோயிலில் வீதி சுற்றும்போது, முழங்கால் வருத்தக்காரி ஒருத்தி இவளை முந்திக்கொண்டு போனாள். அன்றைக்குத்தான் பயந்துபோய் டொக்டரிடம் போனாள்.

பெர்ன் ஆஸ்பத்திரியின் இதய டொக்டர் இளம் பெண். இதயத்தைப் பற்றிக் கேட்பதற்கு முன்னால் கைகளைப் பிடித்துப் பார்த்தாள். இரண்டு மணிக்கட்டிலும் பழைய சத்திரசிகிச்சைத் தழும்பு.

"தட்டு அடுக்கிக் கை மரத்துப்போனதால் வந்தது," என்றாள் சந்திரமதி.

தட்டுகள் மீது குற்றமில்லை என்று பரிசோதனைகள் எல்லாம் முடிந்தபின் தெரிந்தது. உடம்பில் ஒரு புரதம் தவறாக மடிந்து அங்கங்கே படிகிறதாம். முதலில் மணிக்கட்டில் குடியேறி, பிறகு இதயத்தின் சுவரில் படிந்து அதை விறைக்கச் செய்துவிட்டதாம். அத்தனை வருடமும் அந்தப் பாவப்பட்ட தட்டுகளைத் திட்டிவிட்டேனே என்றுதான் அவள் முதலில் வருந்தினாள்.

மருந்து இருந்தது. நாளுக்கு ஒரு குளிசை. படிந்ததை அது கரைக்காது. இனிப் படிவதைத் தாமதப்படுத்தும். அதன் விலையைக் கேட்டபோது மகள் லக்சாயினி திரும்ப ஒருமுறை கேட்டாள். ஒரு மாதத்துக் குளிசையை வாங்க, அம்மாவின் ஓய்வூதியத்தை நாலு மாதம் சேர்த்தாலும் போதாது. மருத்துவக் காப்புறுதிக்காரர், அதுதான் எல்லோரும் மாதா மாதம் கட்டுகிற கிராங்கன்காசைக்காரர், முன்கூட்டியே சம்மதித்தால் வருடத்துக்கு ஒரு சிறு பங்கோடு அவள் தப்பித்துவிடலாம். இல்லையென்றால் குளிசையும் இல்லை. அந்தச் சம்மதத்துக்கு ஒரு சோதனை தேவைப்பட்டது. ஆஸ்பத்திரி நடைகூடத்தில் ஆறு நிமிடம் நடந்து காட்ட வேண்டும்.

இதைக் கேட்டதும் வீட்டுக்கு வந்தவர் சிறீதரன். அகதி விசாரணைக் காலத்திலிருந்து எந்த அலுவலகத்துக்கும் நம்மவர்களுக்குத் துணைபோகிற மனிதர். வீடு, வீசா, வேலை இழந்தோர் கொடுப்பனவு என்று அவர் வாங்கிக்கொடுக்காதது இல்லை.

"அக்கா, இந்த நாட்டிலை சுகமா இருக்கிறவனுக்கு ஆரும் ஒண்டும் தரமாட்டான். வருத்தத்தைக் காட்ட வேணும்."

"வருத்தம் உள்ளுக்கல்லோ தம்பி இருக்கு. அதை எப்பிடிக் காட்டுறது?"

"முகத்திலை காட்டுங்கோ. பவுடர் பூசாதேங்கோ. தலையை வடிவா இழுக்காதேங்கோ. சக்கர நாற்காலி ஒண்டு நான் கொண்டுவாறன்."

"பவுடர் இல்லாமல் வெளியிலை போறதோ? அதுக்குச் சாகலாம்."

"சாகாமல் இருக்கத்தானே அக்கா இவ்வளவும்!"

லக்சாயினிக்கு இது பிடிக்கவில்லை. அவள் லாங்கன்தாலில் பிறந்து அங்கேயே பள்ளி ஆசிரியையாக இருப்பவள்.

"அங்கிள், இது அகதி விசாரணை இல்லை, ஆஸ்பத்திரி. உள்ளதைக் காட்டினால் காணும்."

"பிள்ளை, உமக்குத் தெரியாது. மேசைக்கு அங்காலை இருக்கிறவை எல்லாரும் ஒரே ஆக்கள்தான்."

சோதனை நாளில் அவளுக்குப் பள்ளியில் விடுப்புக் கிடைக்கவில்லை. சிறீதரன்தான் கூடப்போனார், நாற்காலியையும் தள்ளிக்கொண்டு.

நடைகூடத்தின் இரு முனையிலும் செம்மஞ்சள் கூம்பு வைத்திருந்தார்கள். நிறுத்துக்கடிகாரத்தோடு ஒரு தாதிப்பெண். சந்திரமதி எழுந்து, முனகி, ஒரு காலை வைத்து, யோசித்து, மற்றக் காலை வைத்தாள். கோயில் தேர்கூட இதைவிடச் சுறுக்காகத் திரும்பும். நடுவில் நாற்காலியில் இருந்தாள், எழுந்தாள், திரும்பவும் இருந்தாள். நடைச்சட்டத்தைத் தள்ளிக்கொண்டு வந்த ஒரு சுவிஸ் கிழவர் அவளைத் தாண்டும்போது, "மெதுவாக, மெதுவாக" என்று அன்பாகச் சொல்லிவிட்டுப் போனார். அந்த நேரம் அவளுக்கு நெஞ்சு உண்மையாகவே வலித்தது.

சில வாரங்களில் டொக்டர் தொலைபேசியில் அழைத்தாள். காப்புறுதிக்காரர் மறுத்துவிட்டார்கள். நோய் இவ்வளவு முற்றியவருக்கு இந்த மருந்தால் பயனில்லையாம். இன்னும் நடமாடக்கூடியவர்களுக்கு மட்டுமே செலவை ஏற்பார்களாம். "எனக்கும் விளங்கவில்லை," என்றாள் டொக்டர். "ஸ்கானும் இரத்தமும் ஒன்று சொல்கின்றன, உங்கள் நடை வேறொன்று சொல்கிறது."

அன்று மாலை சிறீதரன் வந்து, ஊற்றிக் கொடுத்த தேத்தண்ணி ஆறும்வரை தொடவில்லை.

"நடக்கிறவனுக்கு மருந்து, நடக்காதவனுக்கு இல்லையோ? இப்பிடியும் ஒரு சட்டமோ அக்கா? நான் உங்களைக் கெடுத்துப்போட்டன்."

"விடும் தம்பி. நீர் சொன்னனீர், நடிச்சது நான். நல்லாத்தான் நடிச்சிருக்கிறன்போலை." சிரித்தாள். அதன்பின் மகளைப் பார்த்தாள். "லக்சி, அந்த டொக்டரிட்டை என்னைக் கூட்டிக்கொண்டு போ. நானே கதைக்கிறன்."

அவளுடைய ஜெர்மன் தொழிற்சாலையில் கற்றது. இலக்கணம் கொஞ்சம் நொண்டும். ஆனால் போய்ச்சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச்சேரும். நடித்தேன் என்று நேராகவே சொன்னாள். டொக்டர் பேனையை மேசையில் வைத்துவிட்டாள்.

"ஏன் அப்படிச் செய்தீர்கள், ஃபிராவ் தம்பித்துரை?"

"நாங்கள் இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து மேசைக்கு அந்தப்பக்கம் இருந்தவர்கள் கேட்டதெல்லாம், என்ன நடந்தது, எங்கே வலிக்கிறது என்பதுதான். உன்னால் என்ன முடியும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அந்தக் கேள்வி எனக்குப் பழக்கமில்லை."

டொக்டர் பேனையைத் திரும்ப எடுத்தாள். பிறகு, "இப்போது நான் கேட்கிறேன்," என்றாள். "இன்னொருமுறை நடந்து காட்டுங்கள். ஆனால் கண்ணால் காண்பதைத்தான் எழுதுவேன். உங்களால் முடியாவிட்டால் அதையும் அப்படியே எழுதுவேன்."

"எழுதுங்கள்," என்றாள் சந்திரமதி.

வெளியே வந்தபின்தான் அவளுக்கு அந்தப் பயம் வந்தது. சக்கர நாற்காலி வந்துபோன இந்த வாரங்களில் அவள் நடப்பதையே குறைத்திருந்தாள். நடித்தது அதற்குள் உண்மையாகியிருந்தால்? இதற்குமேல் கேட்பதற்கு ஒரு சோதனையும் இல்லை. அதை அவள் மகளிடம் சொல்லவில்லை. மறுநாள் காலையிலிருந்து, பழைய பத்திரிகைப் பாதையில், நடைபாதைப் படிகளில் மெல்ல ஏறி இறங்கத் தொடங்கினாள்.

இரண்டாம் சோதனைக்குப் பவுடர் பூசினாள். கொண்டை போட்டாள். மயில்கழுத்து நிறப் பட்டுச்சேலையைக் கணுக்காலுக்கு மேலே ஏற்றிக் கட்டி, கீழே மகளின் வெள்ளை ஓட்டச் சப்பாத்து. நாற்காலி இல்லாமல் வந்த சிறீதரன், கோயிலில் நிற்பதுபோல் கைகட்டிச் சுவரோரம் நின்றார். லக்சாயினி கைப்பையைப் பிடித்துக்கொண்டாள். டொக்டரும் வந்து நின்றாள்.

"ஓடக்கூடாது, நடக்க மட்டும்தான்," என்றாள் தாதிப்பெண்.

அதைப் போய்ச் சந்திரமதியிடம் சொன்னாளே! அவள் புறப்பட்ட வேகத்தில் சுவரில் ஒட்டியிருந்த அறிவித்தல்கள் படபடத்தன. முதல் கூம்பு பயந்து ஒதுங்கியது. பட்டு சரசரக்க, தோள் நிமிர, வாயைத் திறந்தால் மூச்சுப் போய்விடும் என்று உதட்டை இறுக்கிக்கொண்டு அவள் போனாள், திரும்பினாள், போனாள். பீங்கான் தட்டும், பனிப்படியும், பத்திரிகைக் கட்டும் செய்த உடம்பு அது. தாதிப்பெண் "நேரம் முடிந்தது" என்றபோது சிறீதரன் கைதட்டிவிட்டார். ஆஸ்பத்திரி என்பது நினைவு வந்து கையை மறைத்துக்கொண்டார். டொக்டர் தான் கண்டதை எழுதினாள்.

சம்மதம் வந்தது.

முதல் பெட்டி வீட்டுக்கு வந்த அன்று சந்திரமதி பாற்சோறு பொங்கினாள். சிறீதரனுக்குத்தான் முதல் தட்டு. அடுத்த மாடியில் இருக்கும் மனோகரிக்கு ஆஸ்பத்திரிக் கதை முழுவதும் கேட்க வேண்டியிருந்தது. சந்திரமதி தண்ணீரோடு குளிசையை விழுங்கி, வாயைத் துடைத்து, முந்தானையைச் சரிசெய்துகொண்டு தொடங்கினாள்.

"அதை ஏன் கேக்கிறீர் மனோகரி! ஆறு நிமிசமும் ஒரே பறப்பு. ஒரு இடத்திலையும் நிக்கேல்லை. மூச்சு வாங்கினது எனக்கில்லை, என்னைப் பாத்துக்கொண்டு நிண்ட டொக்டருக்கு."

சிறீதரன் "ஓம் ஓம்" என்று பாற்சோற்றோடு தலையாட்டினார். லக்சாயினி கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

"நிண்டனீங்கள், அம்மா. பாதியிலை நிண்டு, ரண்டு கையாலையும் சுவரைப் பிடிச்சனீங்கள். அந்தத் தாதிப் பிள்ளை கதிரையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தவ. வேண்டாம் எண்டு தலையாட்டிப்போட்டு, சுவரை விட்டிட்டுத் திரும்பவும் நடந்தனீங்கள். டொக்டர் அதைத்தான் எழுதினவ."