வலை போனதற்குச் சொன்ன காரணங்கள்

சரவணையைத் தாண்டி வேலணைப் பக்கமாக நடந்துகொண்டிருந்தபோதும் நான் வாதத்தை நிறுத்தவில்லை. கேட்க ஆள் இல்லை. கூரை போன வீடுகளும் அவற்றுக்குள் வளர்ந்த ஆமணக்கும்தான் இருந்தன. தோளில் ஓர் உரப்பை. அதற்குள் இரண்டு சாரம், ஒரு சேட்டு. விடியக் குடித்த வெறும் தேத்தண்ணியோடு வயிறு நின்றது. நாரந்தனையில் இருந்த வேலையும் படுக்க இருந்த இடமும் அன்று காலையோடு போய்விட்டன. ஆனாலும் வாதத்தில் வென்றது நான்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அது சண்டை ஓய்ந்திருந்த சமாதானக் காலம். கடலுக்குப் போவதில் இருந்த கெடுபிடி தளர்ந்திருந்தது. நான் உயர்தரத்தில் அளவையியலைப் பாதி படித்தவன். மீதியைப் படிக்குமுன் இடம்பெயர்வு வந்துவிட்டது. படித்த பாதியில் போலிகள் என்றொரு பாடம் இருந்தது. மனிதர் வாதத்தில் விடும் பிழைகளுக்கு ஒவ்வொன்றாகப் பெயர் வைத்த பாடம். நாடி பிடித்த உடனேயே நோயின் பெயரைச் சொல்லும் வைத்தியர் போல, யார் வாயைத் திறந்தாலும் நான் பெயர் சொல்லிவிடுவேன். ஊரில் தங்கியவர் திரும்பி வந்தவரிடம், "நீர் ஓடினனீர், உமக்கென்ன கதை?" என்றால், இடையில் புகுந்து, "இது ஆளைத் தாக்கும் போலி" என்பேன். பிறகு இருவரும் ஒற்றுமையாகி என்னை ஏசுவார்கள்.

நாரந்தனையில் என்னை வள்ளத்தில் சேர்த்த அண்ணை கத்தோலிக்கர். அங்கே புது வலை வாங்கினால் சுவாமியார் தீர்த்தம் தெளிக்காமல் கடலில் இறக்கமாட்டார்கள். அந்த முறை சுவாமியார் யாழ்ப்பாணம் போயிருந்தார். வலை முற்றத்தில் மூட்டையாகவே கிடந்தது.

"அண்ணை, போன வலைக்குத் தீர்த்தம் தெளிச்சனீங்கள்தானே. அது கிழியேல்லையோ?"

"கிழிஞ்சதுதான்."

"அப்ப தீர்த்தத்துக்கும் கிழியிறதுக்கும் சம்பந்தமில்லை."

அவர் கொஞ்சம் யோசித்துவிட்டுத் தலையாட்டினார். என் தருக்கத்தை ஒருவர் ஏற்றுக்கொண்டது வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை. அந்த உற்சாகத்தில் வலை போடும் இடத்தையும் நானே காட்டினேன். அதற்கு முந்தின இரண்டு நாளும் பக்கத்து வள்ளக்காரர் அங்கே அள்ளியிருந்தார்கள். ஆகவே நாங்களும் அள்ளுவோம். அவர்களுடையது மேலே மிதக்கும் வலை, எங்களுடையது அடியில் தாழும் வலை என்பதை நான் யோசிக்கவில்லை. சொந்தப் போலியைப் பிடிப்பது பாடத்திட்டத்தில் இருக்கவில்லை. அந்த இடத்தின் அடியில் சண்டைக்காலத்தில் மூழ்கிய ஏதோ ஒரு படகு கிடந்திருக்கிறது. இழுத்தபோது கைக்கு வந்தது மேல்கயிறும் சில மிதப்புகளும்தான்.

கரையில் அண்ணையின் மனைவி நின்றார். கயிற்றைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"தீர்த்தம் தெளியாமல் போட்டால் வேறென்ன நடக்கும்?"

நான் சும்மா இருந்திருக்கலாம்.

"அக்கா, ஒண்டுக்குப் பிறகு ஒண்டு நடந்தால், அதாலதான் இது நடந்ததெண்டு சொல்ல ஏலாது. அது போலி."

"சரி, தீர்த்தத்தால இல்லை. அப்ப ஆரால? அந்த இடத்தைக் காட்டினது ஆர்?"

இந்தக் கேள்விக்குப் பாடத்தில் பெயர் இல்லை. நான் படிக்காத பாதியில் இருந்திருக்கலாம்.

அண்ணை கோபப்படவில்லை. "தம்பி, நீர் படிச்ச ஆள். படிச்ச ஆக்கள் வள்ளத்துக்குச் சரிவராது."

"ஒருத்தனை வைச்சு எல்லாப் படிச்ச ஆக்களையும்..."

"வெளிக்கிடும்!" என்றார் அக்கா.

மண்கும்பானை அடைந்தபோது வெயில் தாழ்ந்திருந்தது. புதிதாகத் திரும்பி வந்த ஒரு குடும்பம் வளவைத் துப்புரவாக்கிக்கொண்டிருந்தது. தண்ணீர் கேட்டேன். வீட்டுக்கார அம்மா செம்பை நீட்டிவிட்டு விசாரித்தார்.

"எங்கயிருந்து வாறீர்?"

"நாரந்தனை, அக்கா. வள்ளத்தில நிண்டனான்."

"கிழிஞ்ச வலை பொத்துவீரோ?"

"ஓம்."

"அப்ப வேலியும் அடைப்பீர். ரெண்டும் கட்டுற வேலைதானே. எங்கட இவர் தனிய நிண்டு அடைக்க ஏலாமல் கிடக்கு. மாடு பூந்து கத்தரியெல்லாம் போச்சு."

ஒன்றில் ஒத்திருப்பவை எல்லாவற்றிலும் ஒத்திருக்கும் என்று எண்ணுகிற போலி அது. அதன் பெயர் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. பனையோலை வேலியை நான் பிறந்தது முதல் அடைத்ததில்லை. குசினிக்குள்ளிருந்து சோறு கொதிக்கும் மணம் வந்தது.

"என்ன யோசிக்கிறீர்?"

"ஒண்டுமில்லை அக்கா. நீங்கள் சொல்லுறது சரியான நியாயம்."

வயிறு நிறையச் சாப்பாடு கிடைத்தது. படுக்க, முற்றத்தில் ஓலை வேய்ந்த மால் கிடைத்தது. மறுநாள் காலை வேலியின் உள்பக்கம் என்னை நிறுத்தினார்கள். அக்காவின் கணவர் வெளிப்பக்கம் நின்றார். அவர் கயிறு கோத்த குத்தூசியை ஓலைக்குள்ளால் குத்துவார்; இந்தப் பக்கம் நான் கயிற்றை வாங்கி இறுக்க வேண்டும். ஊசி எங்கே வெளியே வரும் என்று தெரியாமல் வயிற்றை எக்கிக்கொண்டு நின்றேன்.

"தம்பி, முந்தி வேலி அடைச்சிருக்கிறீரோ?" ஓலைக்கு அப்பாலிருந்து குரல் வந்தது.

"அண்ணை, இது நல்ல ஓலை," என்றேன்.

"ஓம், நல்ல ஓலைதான்" என்று சொல்லிவிட்டு அவர் அடுத்த குத்தைக் குத்தினார்.