ஒரு நாளைக்கு மட்டும் கறிவேப்பிலை

அம்மாவின் முதலாண்டு நினைவாக, வருஷாப்திகம் முடிந்தபின் இம்மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் மகளாகிய என் வணக்கம். அம்மாவின் சமையலைப் பற்றி நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். நான் அவர் வாங்கிய கறிவேப்பிலையைப் பற்றிச் சொல்கிறேன்.

அம்மா பிறந்தது கல்கத்தாவை அடுத்த சாந்த்ராகாச்சி ரயில்வே குவார்ட்டர்ஸில். வங்கி அதிகாரியான அப்பாவை மணந்து கல்கத்தாவுக்குள் டாக்குரியாவுக்கு வந்தார். நான் பள்ளியில் படிக்கும்போது தம்பி பிறந்து, சில நாட்களிலேயே போய்விட்டான். அதன்பின் அம்மா படுக்கையை விட்டு எழவில்லை. தலை வாரவில்லை, ஜன்னலைத் திறக்க விடவில்லை. "எல்லார் ஆத்துலயும் நடக்கறதுதானே, இதுக்கு இவ்வளவா?" என்று வந்தவர்கள் பேசினார்கள். இன்று நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அப்பாதான் துணிந்து மனநல மருத்துவரிடம் அழைத்துப் போனார். மாத்திரைகள் தந்ததோடு, தினமும் வெளியே போய்வரவும் சொன்னார் மருத்துவர். சொல்வது சுலபம், எழுந்திருக்க வேண்டுமே! நாங்கள் பௌதி என்று கூப்பிடும் எதிர்வீட்டு வங்காள அம்மாள் காலையில் வாசலில் வந்து நிற்பார். அம்மா செருப்பு மாட்டும்வரை நகரமாட்டார். ஏரிக்கரையில் ஒரு நடை, அப்படியே லேக் மார்க்கெட்.

காய், கறிவேப்பிலை எல்லாம் அன்றைக்கு வேண்டியது மட்டும் வாங்குவது என்று அம்மா ஒரு வழக்கம் வைத்துக்கொண்டார். ஃப்ரிட்ஜ் வந்த பிறகும் மாறவில்லை. கஞ்சம் என்று பெயர்கூட வாங்கினார். ஒரு மழைக்காலத்தில், பாவம் நனைய வேண்டாமே என்று அப்பா ஒரு வாரத்துக்கு வேண்டியதை வாங்கிவந்து இறக்கினார். அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

"ஏன்னா, நாளைக்கு நான் எதுக்காக எழுந்துப்பேன்?"

அத்தனையையும் அக்கம்பக்கத்தில் கொடுத்துவிட்டு, மறுநாள் குடையோடு கிளம்பினார். அதற்குப்பின் அப்பா மார்க்கெட் பக்கமே போகவில்லை.

மாத்திரையை அம்மா யாரிடமும் ஒளித்ததில்லை. "சர்க்கரைக்குச் சாப்பிடலையா? அது மாதிரிதான்" என்பார். மனம் கனத்த நாட்கள் பிறகும் வந்தன. "இன்னிக்கு எனக்குச் சரியில்லை" என்று பௌதியிடம் வாய்விட்டுச் சொல்வார், சொல்லிக்கொண்டே நடப்பார். வேறு யாருக்காவது மனசு சரியில்லை என்று தெரிந்தால் அறிவுரை கிடையாது. "மார்க்கெட்டுக்குத் துணைக்கு வரியா?" என்று கேட்பார், அவ்வளவுதான்.

மாரடைப்பு வந்த அன்று காலையும் போய்வந்திருந்தார்.

அம்மா போன பிறகு அப்பா படுத்துவிட்டார். பெங்களூரிலிருந்து நான் ஆப்பில் அனுப்பிய காய்கறிகள் பிரிக்காமலே அழுகின. போனில் "ம்" என்பதற்கு மேல் பேச்சில்லை. அப்பாவையும் இழந்துவிடுவேனோ என்று நடுங்கிப்போனேன். ஆப்பை நிறுத்திவிட்டுப் பௌதியிடம் அழுதேன். முழங்கால் வலியோடு அவர் மறுபடியும் எங்கள் வாசலில் வந்து நின்றார். "தாதா, சொலுன்" என்று அப்பாவை அண்ணன் முறை சொல்லிக் கிளம்பக் கூப்பிட்டார். அப்பா கதவைச் சாத்தினார். பௌதி மறுநாளும் வந்தார்.

பௌதிக்கும், அன்று அம்மாவைப் பார்த்த, இன்று அப்பாவைப் பார்த்துவரும் மருத்துவர்களுக்கும், அம்மா எங்கே என்று கேட்டுக் கண் கலங்கிய மார்க்கெட் கடைக்காரருக்கும் எங்கள் குடும்பம் என்றும் நன்றியுடையது.

வருஷாப்திகத்துக்கு நான் வந்து இறங்கிய காலை, அப்பா வெயிலில் வியர்த்து, பையோடு படியேறி வந்தார். உள்ளே ஒரே ஒரு கொத்து கறிவேப்பிலை.

"இத்தனை பேர் வரப்போறாளே, இது எப்படிப்பா போதும்?"

"இன்னிக்குப் போதும்மா" என்றார் அப்பா. "நாளைக்கு நான் போகணுமே."