கரண்ட் போனதும் தொடங்கிய வகுப்பு

கொரோனாவால் பள்ளிகள் பூட்டிக் கிடந்த சமயம். திருத்தணி மலைக்குக் கீழே இருக்கும் எங்கள் வீட்டின் ஒரு மூலையே எனக்கு வகுப்பறையாகிவிட்டது. பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுப்பவள் நான். வெள்ளைப் பலகை, செல்போன் ஸ்டாண்டு, முகத்துக்கு வெளிச்சம் காட்டும் வட்ட விளக்கு எல்லாம் வாங்கி, தினமும் காலையில் ஆன்லைனில் நேரடி வகுப்பு எடுத்தேன். "டிவில நியூஸ் வாசிக்கப் போறியா?" என்று என் கணவர் கிண்டல் செய்வார். நான் கண்டுகொள்ளவில்லை. உள்ளுக்குள் பெருமைதான்.

என் வகுப்பில் பொதட்டூர்பேட்டையிலிருந்து ஒரு மாணவி. பள்ளியில் நான் கணக்கை எழுதி முடிப்பதற்குள் விடை சொல்லிவிடுகிற பெண். ஆன்லைனிலும் தவறாமல் வந்தாள். ஆனால் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் வராது. மைக்கைத் திறக்கவே மாட்டாள். போனை வைத்துவிட்டு எங்கேயோ போய்விடுகிறாள் என்று எனக்கு எரிச்சலாக வரும்.

ஒருநாள் அவளுடைய தோழி போன் செய்தாள். "டீச்சர், அவங்க நைனா அவ படிப்ப நிறுத்தப் போறாராம். ஸ்கூலு தொறந்தாலும் அனுப்ப மாட்டாராம்."

பேருந்துகள் மறுபடி ஓட ஆரம்பித்திருந்த நேரம். மாஸ்க்கை மாட்டிக்கொண்டு மறுநாளே கிளம்பிவிட்டேன். அவள் அப்பாவை நன்றாக நாலு வார்த்தை கேட்டுவிட வேண்டும் என்று வழியெல்லாம் வசனம் தயார் செய்தேன்.

ஒரு வசனமும் எடுபடவில்லை. வீட்டின் முன் அறையிலேயே விசைத்தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. மூலையில் அந்தப் பெண் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். எதிரே ஜன்னல் கம்பியில் செல்போனைக் கட்டி வைத்திருந்தாள். நான் கத்தினேன். அவள் அப்பா காதில் கை வைத்து, கேட்கவில்லை என்று தலையாட்டினார். இன்னும் பலமாகக் கத்தினேன். அந்த நேரம் பார்த்து கரண்ட் போனது. தெரு முழுக்கத் தறிகள் நின்றன. என் குரல் மட்டும் தனியாகக் கேட்டது, எனக்கே வெட்கமாகிவிட்டது.

"இப்ப சொல்லுங்க டீச்சர்," என்று அவர் சிரித்தார். பிறகு அவரே பேசினார். "பாப்பா தெனமும் உங்களப் பாத்துகினுதான் இருக்குது. உங்க வாய் அசையறது தெரியுது, ஒரு வார்த்த காதுல விழல. தறிய நிறுத்தினா எங்களுக்குச் சோறு இல்லீங்க. புரியாத பாடத்துக்கு அது ஏன் கஷ்டப்படணும்?"

நான் பதில் சொல்வதற்குள் அவள் நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாள். இருபடிச் சமன்பாட்டில் அத்தனை சந்தேகங்களைச் சேர்த்து வைத்திருந்தாள். தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினேன். நடுவில் கரண்ட் வந்துவிட்டது. பக்கத்து வீடுகளில் தறிச் சத்தம் கிளம்பியது. தறியைப் போட சுவிட்ச் பக்கம் போன அவள் அப்பா எங்களைத் திரும்பிப் பார்த்தார்.

"அந்தக் கணக்கு முடியட்டும்," என்று அப்படியே நின்றார்.

கணக்கு முடிந்ததும், "கரண்ட் போறப்போ கேக்கற மாதிரி பாடத்த அனுப்பறேங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு முடிவு பண்ணுங்க," என்று கேட்டேன்.

"ஆங், அப்படின்னா பாக்கலாங்க," என்றார்.

நேரடி வகுப்பை அதோடு நிறுத்தினேன். ஒரு கணக்குக்கு ஒரு சின்ன வீடியோ, அவ்வளவுதான். வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன். வீடு அமைதியாகும்போது கேட்டுவிட்டு, சந்தேகத்தைக் குரல்பதிவாக அனுப்பும்படி பிள்ளைகளிடம் சொன்னேன். எங்கள் வீட்டில் மின்விசிறி அது பாட்டுக்குச் சுற்றும். என் போனில் மட்டும் சந்தேகங்கள் சடசடவென்று வந்து விழும். "பொதட்டூர்ல கரண்ட் போச்சு போல," என்பார் கணவர். தறி ஓடும் இன்னொரு ஊரான அம்மையார்குப்பத்துப் பிள்ளைகளும் அதேபோல அனுப்ப ஆரம்பித்தார்கள். அவள் அனுப்பும் பதிவுகளில் சில சமயம் பின்னால் அவள் அப்பாவின் குரலும் கேட்கும்: "நல்லா கேட்டியா? இன்னொருவாட்டி கேளு."

பள்ளி திறந்த அன்று அவள் முதல் பெஞ்சில் இருந்தாள்.

இப்போது எங்கள் வகுப்பறையில் பெரிய தொடுதிரை இருக்கிறது. எனக்கும் அது பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் அதைப் போடுவதற்கு முன் அந்தச் சுவிட்ச் அருகே நின்ற மனிதர் நினைவுக்கு வருவார். ஒரு கணக்குக்காக அவர் தந்த அந்த அமைதிக்கு என் பாடம் தகுதியானதுதானா என்று இன்றும் என்னையே கேட்டுக்கொள்கிறேன்.