எண்ணெய் தின்ற பூஞ்சை

எழுபதுகளில் இலங்கையிலிருந்து கப்பலேறி வந்த ஆண்டாயிக்கு, நெல்லியாளத்துப் பக்கத்து தேயிலை எஸ்டேட்டில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் கடைசி வீடு கிடைத்தது. முன்பு அங்கே டீசல் எஞ்சின் ஓடியதால், கழிவு எண்ணெய் ஊறிய வாசலில் புல்கூட முளைக்கவில்லை. நாற்றத்துக்கு அஞ்சி யாரும் வந்து உட்காரவில்லை. ஒரே மகனும் அக்கரையிலேயே தங்கிவிட்டான். பேச ஆள் வர வேண்டுமானால் முதலில் நாற்றம் போக வேண்டும்.

கவ்வாத்து வெட்டிய தேயிலைக் குச்சிகளை இங்கே எல்லோரும் அடுப்புக்குச் சுமந்தார்கள். ஆண்டாயி, இலங்கைத் தோட்டத்து வழக்கப்படி, அவற்றை வாசல் மண்ணில் புதைத்தாள்.

“ஏனுங்க்கா, வெறகுக்குக் கருமாதியா?” என்று பக்கத்து வீட்டுப் பேச்சி சிரித்தாள்.

“மண்ணும் பசியில கெடக்குதானே, தின்னட்டும்.”

மழையில் குச்சிகள் மக்கின. வெள்ளைப் பூஞ்சை நூல்நூலாக மண்ணுக்குள் பரவி எண்ணெயைச் சிதைத்தது. அடுத்த மழைக்காலத்துக்குள் நாற்றம் அடங்கி, புல் தலைகாட்டியது. அங்கே கீரை மட்டும் அவள் போடவில்லை, அது நல்லதுதான்; எண்ணெயின் நஞ்சு மண்ணில் மிச்சம் இருக்கலாம்.

பேச்சி கூடையோடு வந்தாள். “எங்க ஊட்டு வாசல்லயும் எண்ணெ ஊறிக் கெடக்குது, அந்த மக்குன குச்சி கொஞ்சம் குடுங்க்கா.”

“உக்காரு பிள்ளை, தேத்தண்ணி ஊத்துறேன்.”

“சோறு அடுப்புல கெடக்குதுங்க.”

கூடை நிறைந்ததும் பேச்சி போய்விட்டாள். ஆண்டாயி ஒரு டம்ளர் தேநீருக்கு மட்டும் அடுப்பில் தண்ணீர் வைத்தாள்.