சூரியனைச் சாட்டாகச் சொன்ன நாள்

என் சிநேகிதனுக்குத் தொண்டையில் புற்றுநோய். மறுநாள் காலை சிட்னி வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் குரல்வளையை எடுக்கப் போகிறார்கள். எடுத்தால் உயிர் இருக்கும், குரல் இருக்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் மெல்பேர்னில் ஒரு கோழி ஃபக்டரியில் இருக்கிறேன். கோழியாக அல்ல, வெட்டுகிறவனாக. நாங்கள் இரண்டு பேரும் இந்த நாட்டுக்கு ஒரே அகதிப் படகில் வந்தவர்கள். படகில் எல்லோரும் சத்தி எடுத்துக்கொண்டிருக்க நான் பகிடி விட்டேன். அவன் ஒருத்தன்தான் வழி முழுக்க என்னைத் திட்டிக்கொண்டு வந்தான். அந்தத் திட்டை நேரே ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்றுதான் அன்று காலை விமானத்துக்கு டிக்கெட் போட்டேன்.

விமான நிலையத்துக்குப் போனால், எங்கள் விமானம் ரத்து. ஏன் என்று கவுண்டரில் கேட்க என் இங்கிலீஷ் பத்தாது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைகழுவிவிட்டது. வரிசையில் எனக்கு முன்னால் ஒரு சென்னைப் பிள்ளை நின்றது. சிட்னியில் பௌதிகம் படிக்கிறதாம்.

"என்ன பிள்ளை, பைலட் நித்திரையோ?"

"இல்ல அங்கிள், சூரியன்."

"எந்தச் சூரியன்?"

"ஒரே ஒரு சூரியன்தான் அங்கிள் இருக்கு."

படித்த பிள்ளை என்னை வைத்துப் பகிடி பண்ணுகிறது என்று நினைத்தேன். இல்லை. கையை ஆட்டி ஆட்டிச் சொல்லத் தொடங்கியது.

"சூரியன்ல அப்பப்போ பெருசா வெடிச்சு, சூடான வாயு மேகம் மாதிரி கிளம்பும் அங்கிள். அந்த மேகம் படு வேகமா வர்றப்ப, அதுக்கு முன்னாடி ஒரு அதிர்ச்சி அலை ஓடும்."

"படகின்ர மூக்குக்கு முன்னால தண்ணி குவிஞ்சு ஓடுமே, அப்பிடியோ?"

"ஆமா, கிட்டத்தட்ட அப்படித்தான்! அந்த அலைக்கு ரெண்டு பக்கமும் காந்தப்புலம் நெளிஞ்சு கிடக்கும். புரோட்டான் மாதிரி சின்னத் துகளெல்லாம் அதுல மாட்டிக்கிட்டு, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மோதித் திரும்பும். அலையைத் தாண்டுற ஒவ்வொரு தடவையும் வேகம் கூடும். கடைசில தப்பிச்சுப் பாயும். மேகம் இங்க வர ஒண்ணு ரெண்டு நாள் ஆகும். துகள் ஒரு மணி நேரத்துக்குள்ளயே வந்துடும்."

"வந்து?"

"உயரத்துல போற பிளேனோட கம்ப்யூட்டரைக் குழப்பிடலாம். பூஜ்யம் இருக்க வேண்டிய இடத்துல ஒண்ணு வந்துடும். அதான் சாஃப்ட்வேர் மாத்துறாங்க."

"அப்ப சூரியன் இண்டைக்கு வெடிச்சுப்போட்டுதோ?"

"இன்னைக்கு ஒண்ணும் இல்ல அங்கிள். இனிமே வெடிச்சா ஆபத்துன்னு முன்னெச்சரிக்கை."

எனக்குச் சிரிப்பு வந்தது. செய்யாத குற்றத்துக்கு, செய்யக்கூடும் என்று மறித்து வைப்பது இந்த நாட்டில் எனக்குப் புதிதில்லை. படகால் இறங்கினதும் தடுப்பு முகாமில் என்னையும் அப்படித்தான் வைத்திருந்தார்கள். இப்போது சூரியனுடைய முறை.

மத்தியானம் அந்தப் பிள்ளை ஓடி வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து கார் வாடகைக்கு எடுக்கிறார்களாம்.

"ஒரு சீட் இருக்கு அங்கிள். இப்பக் கிளம்பினா ராத்திரிக்குள்ள சிட்னி."

நான் வரிசையைப் பார்த்தேன். கவுண்டருக்குக் கிட்ட வந்துவிட்டேன். எனக்குப் பின்னால் பாம்பு மாதிரிச் சனம். படகில் வந்தவர்களை வரிசை தாண்டி வந்தவர்கள் என்று இங்கே டிவியில் சொல்லிச் சொல்லி, வரிசை என்றால் எனக்குக் கோயில் மாதிரி ஆகிவிட்டது. சாப்பாட்டுக்கு வரிசை, விசாவுக்கு வரிசை. விட்டால் இடம் போய்விடும் என்ற பயம் எலும்புக்குள் இறங்கிவிட்டது. மூத்திரத்தைக்கூட அடக்கிக்கொண்டு நிற்கிற ஆள் நான்.

"நீங்கள் போங்கோ பிள்ளை. எனக்கு இந்தா முடிஞ்சிடும்."

அந்தப் பிள்ளை போய்விட்டது. பொழுதுபடக் கவுண்டருக்குப் போய்ச் சேர்ந்தேன். நாளைக்கு மத்தியானம்தான் இடம் என்றாள் கவுண்டரில் நின்றவள்.

சிநேகிதனுக்குப் போன் எடுத்தேன். அவன் மனிசிதான் எடுத்தது.

"தங்கச்சி, பிளேன் இல்லை. சூரியனாலயாம்..."

"அண்ணை, இண்டைக்குமா உங்கட பகிடி?"

அவளைப் பிழை சொல்ல முடியாது. முந்தி ஒருதரம் வருகிறேன் என்று சொல்லிப் போகாமல் விட்டதற்கு, கங்காரு கார்ச் சாவியை விழுங்கிவிட்டது என்று சொன்னவன் நான். அவள் போனைப் புருசனிடம் கொடுத்தாள்.

"எங்கயடா நிக்கிறாய்?" குரல் கரகரவென்று வந்தது.

"மெல்பேர்னிலதான் மச்சான். சத்தியமாச் சூரியன்தான்ரா! அதிர்ச்சி அலை எண்டு ஒண்டு இருக்கு, அதில புரோட்டான் மாட்டுப்பட்டு..."

நான் விடவில்லை. படகு, மேகம், பூஜ்யம், ஒன்று, எல்லாவற்றையும் சொன்னேன். அவனை நம்ப வைத்துவிட வேண்டும் என்று வாழ்க்கையில் ஒருநாளும் இல்லாத அவசரம் எனக்கு. அவன் சிரித்தான், இருமினான், திரும்பச் சிரித்தான்.

"போடா விசரா. வரேல்லையெண்டா வரேல்லையெண்டு சொல்லு. சூரியனை ஏன்ரா இழுக்கிறாய்?"

"மச்சான், கேளடா..."

நேர்ஸ் வந்துவிட்டாள் என்று மனிசி போனை வாங்கிவிட்டாள். அவ்வளவுதான். அவன் பேசுவதற்கு இருந்த நேரம் முழுக்க நானே பேசித் தீர்த்துவிட்டேன். ஒரு கேள்வி கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். புரோட்டானுக்கு என்ன அவசரம்?

மறுநாள் நான் போய் இறங்கும்போது ஆப்பரேஷன் தொடங்கிவிட்டது. வார்டுக்கு மாற்றிய பிறகுதான் என்னை உள்ளே விட்டார்கள். கழுத்தில் ஓட்டை, அதில் குழாய். மனிசி பக்கத்தில் கதிரையில் இருந்தாள்.

"அண்ணை, டிவியில சொன்னவங்கள். நீங்கள் சொன்னது உண்மைதானாம். இவருக்கும் போனில காட்டினனான்."

அவன் என்னையே பார்த்தான். பிறகு வாய் அசைந்தது. நீளமான அசைவு, நல்ல திட்டு என்று தெரிந்தது. எந்தச் சொல் என்றுதான் பிடிபடவில்லை.

"என்ன? கேக்கேல்லை," என்றேன் நான்.

பழக்கதோஷம். படகுக் காலத்திலிருந்து நான் அப்படிக் கேட்டால் அவன் இன்னும் சத்தமாகத் திட்டுவான். மனிசி தலையைக் குனிந்துகொண்டாள். எனக்கு நாக்கைக் கடித்துத் துப்ப வேண்டும் போல இருந்தது.

அவன் கையால் என்னைக் கிட்ட வரச் சொன்னான். நான் குனிந்து காதைக் கொடுத்தேன். குழாயில் காற்று மட்டும் போய் வந்தது. அவன் எனக்காக முதலிலிருந்து திட்டத் தொடங்கினான்.