பிரபுவின் மீசை

பேராவூரணிக்குத் தெற்கே, புதாறு என்கிற கல்லணைக் கால்வாயின் தண்ணீர் கடைசியாக வந்து சேருகிற ஊர்களில் ஒன்று. அங்கே பஸ் நிறுத்தத்துக்கு எதிரில் ஒரு மார்பளவுச் சிலை இருக்கிறது. தங்க நிறப் பெயிண்ட், விறைப்பான தொப்பி, இரண்டு பக்கமும் முறுக்கிவிட்ட மீசை. எல்லையில் குண்டு விழுந்து செத்துப்போன பிரபுவின் சிலை. பிரபுவுக்கு மீசையே கிடையாது.

பூனைமுடி மாதிரி அரும்பியதையும் மழித்துவிடுவான். சிலை செய்யக் கொடுத்த இளைஞர் மன்றத்துக்கு இது தெரியாமலில்லை. பட்டாளத்துக்காரன் என்றதும் சிற்பி தன் போக்கில் மீசையை வைத்துவிட்டார். பசங்களும் 'கெத்தா இருக்கு' என்று வண்டியில் ஏற்றி வந்துவிட்டார்கள். பெற்றவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஆனால் பூவம்மாள் நடவுக்குப் போகிறவள். அந்தக் கூலியில்தான் மகனைப் படிக்கவைத்தாள்; அவன் பட்டாளத் தேர்வுக்காக ஆற்றங்கரையில் ஓடிய நாளெல்லாம் முட்டை அவித்துக் கொடுத்தாள். சேற்றில் நிற்கிறவளிடம் சிலையைப் பற்றி யார் கேட்பார்கள்?

அவளும் அப்போது ஒன்றும் சொல்லவில்லை. உடல் வந்த பெட்டியைத் திறக்கக்கூடாது என்று பட்டாளத்தில் சொல்லிவிட்டார்கள். மகன் முகத்தைப் பார்க்காமலே கொள்ளி வைத்தாகிவிட்டது. அப்புறம் சிலைக்கு மீசை இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன என்றிருந்தது.

அதற்குள் ஊர் பிரபுவைச் சாமியாக்கிவிட்டது. போலீஸ் தேர்வுக்குப் போகிற பையன்கள் ஹால்டிக்கெட்டைச் சிலையின் பீடத்தில் வைத்துக் கும்பிட்டார்கள். ஒருத்தனுக்கு வேலை கிடைத்ததும் எலுமிச்சம்பழ மாலை போட்டான். அன்றிலிருந்து செவ்வாய், வெள்ளிகளில் சூடம் வேறு. பெற்ற பிள்ளைக்கு முன்னால் பெற்றவளே செருப்பைக் கழற்றிவிட்டு நிற்கிற கொடுமை எந்த ஊரிலாவது உண்டா? பூவம்மாள் நின்றாள்.

இந்த வருஷம் சம்பா நடவில்தான் வினை வந்தது. முன்பெல்லாம் குனிந்து நடும்போது மகன் நினைப்பு தானாக வரும். வரப்பில் தூக்குவாளியோடு நின்று, "யம்மோவ், டீ ஆறிப்போவுது" என்று சிரிப்பான். இந்த முறை வரப்பில் நின்றவன் தங்க நிறத்தில் நின்றான். மீசையோடு. அவள் நாற்று முடியை நழுவவிட்டு நிமிர்ந்துவிட்டாள். மறுநாளும் அவன்தான் வந்தான். பிள்ளைதான் போய்விட்டான், அவன் முகமாவது தன்னிடம் இருக்கிறதென்று நினைத்திருந்தாள். அதையும் இந்தச் சிலை தின்றுகொண்டிருந்தது.

நினைவு நாளுக்கு முன்னால் வருஷாவருஷம் சிலையின் விரிசலைப் பூசிப் பெயிண்ட் அடிக்க வருகிற அப்சர் ஏணியைச் சாய்த்ததும், நேராகப் போய் நின்றாள்.

"தம்பி, அந்த மீசைய எடுத்துருங்க."

மன்றத் தலைவன் செழியன் பதறிப்போனான். "அத்தை, என்ன பேசுறீங்க? வெளியூர்லேருந்துல்லாம் வந்து கும்புடுறாங்க. மீசைய எடுத்துட்டா பாக்க நல்லாவா இருக்கும்?"

"ஒங்க சாமிக்கு மீச வேணும்னா வேற செல வையிங்கடா. இது எம்புள்ள. எனக்கு எம்புள்ள மூஞ்சி வேணும்."

பூவம்மாள் அதிர்ந்து பேசி ஊர் கேட்டதில்லை. செழியன் ஏணியைவிட்டு விலகி நின்றான். அவள் புருஷன் தங்கையன் மட்டும், "விட்டுத்தொலையேன் பூவு" என்று முனகினார்.

அப்சர் உளியை எடுத்தான். சிமெண்ட் மீசை பெயர்ந்து விழுந்தது. மூக்குக்குக் கீழே வெறும் கரடு.

"வாயை எப்புடிம்மா வைக்கிறது? மேலொதடு தடிப்பா, மெல்லிசா? ஒங்க சாடையா, அப்பா சாடையா?"

"என் சாடை" என்றார் தங்கையன்.

"இல்ல மாமா, அத்தை சாடைதான்" என்ற செழியன் செல்போனைத் துழாவினான். எல்லையிலிருந்து வந்த படங்களிலெல்லாம் மூக்குவரை மப்ளர். ஊரில் எடுத்த ஒன்றில் பிரபுவே விளையாட்டாக ஏதோ ஆப்பில் மீசை வரைந்துகொண்டு பல்லிளித்தான். வீட்டிலிருந்த பழைய படங்களைக் கஜா புயல் கூரையோடு கொண்டுபோயிருந்தது. சிலைக்கென்று சிற்பியிடம் கொடுத்த ஒரே படம் திரும்பி வரவே இல்லை.

"நீங்க சொல்லுங்கம்மா" என்றான் அப்சர். "பெத்தவங்களுக்குத் தெரியாததா?"

பூவம்மாள் கண்ணை மூடினாள். பால் குடித்த வாய். அவள் கையால் சோறு வாங்கிய வாய். எப்படி இருந்தது? தங்க மீசைக்காரன் வந்து நின்றான். போடா என்றாள் மனசுக்குள். போகவில்லை. மீசையை மட்டும் எடுத்துவிட்டுப் பார்த்தாள். அங்கேயும் அப்சர் கொத்திவைத்த கரடுதான் இருந்தது.

பெட்டி வந்த அன்றைக்குக்கூட அவள் மகனை இப்படிப் பறிகொடுக்கவில்லை. அன்றைக்கு வாய்விட்டு அழ முடிந்தது. இப்போது என்ன சொல்லி அழுவது? செழியனும் தங்கையனும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தம்பி" என்றாள் கடைசியில். "பழையபடி மீசையவே வச்சுடுங்க."

அப்சர் சிமெண்டைக் குழைத்தான்.