காரணம் கேட்கும் பெட்டி

எங்கள் வீட்டு டி.வி.க்குக் கீழே உறுமிக்கொண்டு கிடப்பது ஒரு சர்வர். தேயிலைத் தொழிற்சாலை ஆபீசில் கொழுந்து எடைக் கணக்கைச் சுமந்து கிடந்தது. ஆபீசைப் பூட்டியபோது, அங்கே கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் அதைப் பந்தலூர் மழையில் நனையாமல் சாக்கு சுற்றி, பிள்ளையைப் போலத் தூக்கிக்கொண்டு வந்தார். படம், பாட்டு, வீடியோ கால், எல்லாம் இனி இதில்தான். உள்ளே இருந்த சர்வர் சிஸ்டத்தை மட்டும் மாற்ற மாட்டேன் என்றார்.

"இது சாகாது புள்ள. மத்ததெல்லாம் வெளையாட்டுச் சாமான்."

சாகாதுதான். ஆனால் வீட்டுக்கு வந்த பிறகும் அது ஆபீசிலேயே இருந்தது. முதல் வாரம் சத்தமே வரவில்லை. சர்வருக்குப் பாட்டு எதற்கு என்று அதைச் செய்தவர்கள் வாயைக் கட்டி அனுப்பியிருந்தார்கள். அவர் உள்ளே நுழைந்து கட்டை அவிழ்த்தார். மூன்று விசைகளைச் சேர்த்து அமுக்கினால்தான் கதவு திறக்கும். எந்த இணையப் பக்கத்துக்குப் போனாலும், இவனை நம்பலாமா என்று கேட்கும். அணைக்கப் போனால், ஏன் அணைக்கிறாய் என்று கேட்கும். கரண்ட் போய்த் தானாக அணைந்து எழுந்தால் இன்னும் மோசம். திரை நடுவில் ஒரு பெட்டி: எதிர்பாராமல் நின்றேனே, என்ன காரணம்? எதையாவது எழுதும்வரை ஓகே பட்டன் சாம்பல் பூத்துக் கிடக்கும். ஓகேயை அமுக்கிப் பெட்டியை அனுப்பும்வரை வேறு எதுவும் திறக்காது.

அந்தப் பெட்டியை முதலில் பார்த்த நாள் எனக்குச் சிரிப்பு வந்தது. இதே கேள்வியைக் கேட்டே வயிறு வளர்த்த ஒருவர் எங்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். என் மாமனார்.

எஸ்டேட்டில் ஆள் மேய்த்தவர். கோயமுத்தூர்ப் பக்கத்திலிருந்து அவருடைய அப்பா மலையேறி வந்தாராம். எங்கள் ஆட்கள் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். விடியலில் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டுக்களத்தில் எங்கள் பெண்கள் வரிசையாக நிற்பார்கள். லீவு வேண்டியவள் ஒரு அடி முன்னால் வர வேண்டும். அவர் முகத்தைப் பார்க்க மாட்டார். "காரணம்?" என்பார்.

என் அம்மா ஒருநாள் முன்னால் வந்தாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"தம்பிக்குக் காய்ச்சலுங்க ஐயா. காதுல சீழு வடியுது."

"காய்ச்சல்னா, எவ்வளவு காய்ச்சல்?"

எங்கள் லயத்து வரிசை வீடுகளில் காய்ச்சலை அளக்கிற குழாயை யார் கண்டார்கள். அம்மா தன் உள்ளங்கையை நீட்டிக் காட்டினாள். அந்தச் சூடு இன்னும் அதில் இருப்பதுபோல. வரிசை சிரித்தது. சிரிக்காவிட்டால் அடுத்த லீவு கிடைக்காது. "மத்தியானம் கொழுந்து எடை போட்டுட்டுப் போ" என்றார். தம்பிக்கு அந்தப் பக்கத்துக் காது அன்றோடு போனது. இன்றும் அவனை இடது பக்கமிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டான்.

பிறகு நான் படித்தேன், தொழிற்சாலை ஆபீசில் வேலைக்குச் சேர்ந்தேன், அவர் மகன் என்னைக் கட்டிக்கொண்டார். அப்போதும் கிழவர் ஒன்றுதான் கேட்டார். "காரணம்?"

இப்போது அவருக்குக் கண் மங்கிவிட்டது. மகள் மஸ்கட்டில். எங்கள் வீடு பள்ளத்தில். செல்போனுக்கு டவர் எட்டாது. வயர் வழியாக வரும் இணையம் சர்வருக்குள் போய்த்தான் வீடு முழுக்கப் பிரியும். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மகள் டி.வி. அகலத்துக்கு வந்து "அப்பா" என்பாள். அந்த வாரத்தில் அவர் உயிரோடிருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

மகன் எல்லாம் சொல்லிக்கொடுத்தார். மூன்று விசை, பாஸ்வேர்டு, பச்சைப் பட்டன். காரணம் கேட்கும் பெட்டிக்கும் வழி சொன்னார்: "ஏதாச்சும் ஒரு எழுத்து போட்டு ஓகேய அமுக்குங்கப்பா. புள்ளி வெச்சாலும் போதும்."

"காரணம்னா காரணமா இருக்கோணும்" என்றார் கிழவர்.

ஒருமுறை கரண்ட் போய் வந்தது. முகத்தைக் கீபோர்டில் புதைத்து, எஸ்டேட் இங்கிலீஷில், மரம் விழுந்த விவரத்தை எழுதி முடித்தார். மகன் வெளியே போயிருந்தார். "ஏ இந்தா, இது யாருக்குப் போகுது?" என்று என்னைக் கேட்டார்.

"மேல போகுதுங்க மாமா. பாத்துட்டு ஓகே குடுப்பாங்க."

"நாம அமுக்கறதில்லையா?"

"ஓகேய நாமளே போட்டுக்கலாமா? நீங்களே சொல்லுங்க."

ஒத்துக்கொண்டார். ஓகே என்பது பங்களாவில் இருக்கும் துரை போடுவது. அதைத் தன் கையால் போட்டுக்கொள்ள அவர் வளர்ந்த விதம் விடாது. கொஞ்சம் காக்கவைத்து, சமையலறை வாசலில் நின்றபடி வயரில்லாத மவுஸைத் தட்டினேன். பெட்டி மறைந்தது.

"பாருங்க, கெடச்சிருச்சு."

அவர் முகத்தில் ஒரு பணிவு வந்தது. அதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. இனிப்பாக இருந்தது. ஒவ்வொரு கரண்ட் கட்டுக்கும் அதைச் சாப்பிட்டேன். "ஏன் அவர வதைக்கிற?" என்றார் வீட்டுக்காரர். "உங்கப்பாருக்குப் பழகின வேலைதானே" என்றேன். அவரும் சிரித்துவிட்டுப் போனார்.

ஆனி மாதத்து ஞாயிறு. கூடலூரில் ஒரு கல்யாணம். மறுநாள் காலை மஸ்கட்டில் நாத்தனாருக்கு மார்பில் கட்டி எடுக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குள் போகுமுன் அப்பாவிடம் பேச வேண்டும் என்றிருந்தாள். "கரெக்டா உக்காந்துக்கறேன்" என்று கிழவர் மத்தியானமே சட்டை மாற்றிக்கொண்டார். நாங்கள் திரும்பும் வழியில் சாலையில் மரம் விழுந்து கிடந்தது. வெட்டி எடுக்கும்வரை ஜீப்பில் உட்கார்ந்திருந்தபோது வீட்டுக்காரர் போனுக்கு நாத்தனார் வந்தாள்.

"எத்தன தடவ கூப்பிடறது? அப்பா எடுக்கவே இல்ல. என்மேல கோவமா அவருக்கு? போன வாங்கி வெச்சுக்குவாங்க அண்ணா, நா உள்ள போறேன்."

வீட்டுக்குள் நான்தான் முதலில் நுழைந்தேன். டி.வி. வெளிச்சத்தில் கிழவர், இஸ்திரி போட்ட சட்டையோடு, கைகளை மடியில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். திரையில் அந்தப் பெட்டி. டியூ டு ஹெவி விண்ட் அண்ட் ரெயின் கரண்ட் ஸ்டாப்டு, சார். கைண்ட்லி சாங்ஷன். கீழே ஓகே பட்டன் எப்போதோ உயிர் பெற்று, ஒரு விரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தது.

"கரண்டு வந்ததும் எழுதிட்டேன். இன்னும் ஓகே வல்ல. ஞாயித்துக்கெழமைங்காட்டி மேல ஆளில்லையோ என்னமோ." உதட்டை நனைத்துக்கொண்டார். "புள்ள கூப்புட்டிருப்பாளா?"

மவுஸை எடுத்து அம்பை ஓகேயின்மேல் கொண்டுபோய் நிறுத்தினேன். வாசலில் வீட்டுக்காரர் செருப்புச் சேற்றைத் தேய்க்கும் சத்தம். விரலை அமுக்கவில்லை. அவர் முகத்தைப் பார்க்காமல் கேட்டேன்.

"மழைன்னா, எவ்வளவு மழை?"

கிழவர் திகைத்தார். பிறகு சுற்றிலும் தேடி, ஓடு ஒழுகும் இடத்தில் நாங்கள் வைத்திருந்த வாளியைக் கண்டுபிடித்து, கையை நீட்டிக் காட்டினார்.

"வாளி ரொம்பி வழியுதுங்க அம்மிணி."

"அதையும் எழுதுங்க."

கண்ணைக் கீபோர்டோடு ஒட்டவைத்து, அவர் எழுத்துத் தேடத் தொடங்கினார்.